சொந்த மின்னஞ்சல் சர்வரில் வடிகட்டி அமைத்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பத்தமடையில் கோரைப் பாய் நெய்து விற்கும் ஒரு சிறு குழுவுக்குச் சொந்த டொமைனும் சொந்த மின்னஞ்சல் சர்வரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தரும்படி கேட்டுச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கடிதங்கள், வங்கியின் வரவு அறிவிப்பு, ஜிஎஸ்டி தாக்கல் நினைவூட்டல், சாயம் விற்பவரின் விலைப்பட்டியல், யாரும் கேட்காத விளம்பரம் எல்லாம் ஒரே இன்பாக்ஸில் வந்து விழுகின்றன. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கும் நேரத்தில் அந்தக் குவியலுக்குள் ஒரு கல்யாண ஆர்டர் கண்ணில் படாமல் போனால், பெயர் நெய்த பாயைக் கடைசி நேரத்தில் அவசரமாக முடித்துக் கொடுக்க இயலாது. இத்தகைய குழுவுக்கும், பாளையங்கோட்டையில் இயங்கும் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும் வகையில், வரும் கடிதங்களைச் சர்வரிலேயே பிரித்து உரிய கோப்புறையில் சேர்க்கும் ஏற்பாட்டை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு நிபந்தனையை விடாமல் பின்பற்றியிருக்கிறேன். எந்த விதி தவறாக வேலை செய்தாலும், வந்த கடிதம் ஏதாவது ஒரு கோப்புறையில் தேடினால் கிடைக்க வேண்டும். வாங்க மறுத்திருந்தால், மறுக்கப்பட்டது என்ற செய்தி அனுப்பியவருக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்பியவருக்கும் தெரியாமல், பெறவேண்டியவருக்கும் தெரியாமல் ஒரு கடிதம் மறைந்துபோக எந்த வரியிலும் இடம் தரக்கூடாது.

கட்டளைச் சொற்களையும் அமைப்புகளின் பெயர்களையும் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்; அந்தந்த மென்பொருளுடன் வரும் கையேட்டுப் பக்கத்திலும் மாதிரிக் கோப்புகளிலும் சரியான எழுத்துக்கோர்வை இருக்கும்.

ஏன் சர்வரில்?

தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளிலும் வடிகட்டி விதிகள் எழுதலாம். ஆனால் அந்த விதிகள், அந்த மென்பொருள் திறந்திருக்கும் ஒரு கணினியில் மட்டுமே ஓடும். அலுவலகக் கணினி அணைந்திருக்கும்போது கைபேசியில் பார்ப்பவருக்குப் பிரிக்கப்படாத குவியல்தான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளம் சூழ்ந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது, நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. அப்படிப்பட்ட நாட்களில் அலுவலகக் கணினியை நம்பிய விதிகள் நின்றுவிடும். தொலைவில் உள்ள தரவு மையத்தில் இயங்கும் சர்வரோ கடிதங்களைத் தொடர்ந்து பெற்று, பிரித்து வைத்துக்கொண்டிருக்கும். தொடர்பு திரும்பியதும் எந்தக் கருவியில் திறந்தாலும் எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கும்.

சர்வரை வீட்டு இணைப்பிலேயே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. வீட்டு இணைப்புகளில் அஞ்சல் பரிமாற்றத்துக்கான போர்ட் 25 பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும், முகவரி மாறிக்கொண்டே இருக்கும், தலைகீழ் டிஎன்எஸ் பதிவும் (முகவரி எண்ணிலிருந்து சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு) அமையாது. வாடகைக்கு எடுக்கும் ஒரு சிறிய விபிஎஸ் (தரவு மையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) போதும். அந்தச் சர்வர் சிறிது நேரம் நின்றுபோனாலும் பதற வேண்டியதில்லை: அனுப்பும் சர்வர்கள் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். அஞ்சல் பரிமாற்ற மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பில் இந்த முயற்சி 5 நாட்கள் தொடரும்.

தேவையானவை

லினக்ஸ் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன, கடிதம் வருகிறது, போகிறது என்ற நிலையிலிருந்து தொடங்குகிறேன். வெளியிலிருந்து வரும் கடிதத்தை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸின் வேலை. அதைப் பெட்டியில் சேர்ப்பதும், ஐமேப் வழியாகப் பயனருக்குக் காட்டுவதும் டவ்காட்டின் வேலை. பிரிக்கும் விதிகளை எழுதுவதற்கு ‘சிவ்’ என்ற சிறிய மொழி இருக்கிறது. இது 2001இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) 3028 ஆக வெளியாகி, 2008இல் ஆர்எஃப்சி 5228 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. அதில் சுழற்சிக் கட்டளைகள் கிடையாது; அடிப்படை மொழியிலிருந்து வெளி நிரலை இயக்கவும் முடியாது. பயனர் எவ்வளவு தவறாக எழுதினாலும் சர்வர் முடிவில்லாமல் சுழன்று மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். புதியவர்கள் தயங்காமல் கைவைக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். டவ்காட்டுக்குள் சிவ் மொழியை இயக்கும் நீட்சியின் பெயர் பிஜன்ஹோல்.

டெபியன், உபுண்டு சர்வர்களில் டவ்காட்-எல்எம்டிபிடி, டவ்காட்-சிவ், டவ்காட்-மேனேஜ்சிவ்டி ஆகிய மூன்று பொதிகளை நிறுவ வேண்டும். நிறுவியதும் டவ்காட்டின் பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டெபியன் 12, உபுண்டு 24.04 ஆகியவற்றில் இருப்பது 2.3 வரிசை, டெபியன் 13இல் இருப்பது 2.4 வரிசை. 2.4இல் அமைப்புக் கோப்புகளின் இலக்கணமே மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் 2.3க்காக எழுதப்பட்டவை, அவற்றை அப்படியே 2.4இல் ஒட்டினால் டவ்காட் தொடங்கவே மறுக்கும். கீழே சொல்பவை 2.3 வரிசைக்கானவை. 2.4 வைத்திருப்பவர்கள் இதே அமைப்புகளை அதன் கையேட்டில் உள்ள புதிய எழுத்துமுறையில் எழுதிக்கொள்ள வேண்டும், கருத்து மாறவில்லை.

முதல் படி: கடிதத்தை டவ்காட்டிடம் ஒப்படைத்தல்

பலருடைய சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸே நேரடியாகப் பெட்டிக்குள் கடிதத்தை எழுதிவிடுகிறது. அப்படியிருந்தால் சிவ் விதிகள் ஓடுவதற்கு வாய்ப்பே இல்லை. விதிகள் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை எல்எம்டிபி என்ற உள்முறை வழியாக டவ்காட்டிடம் கொடுக்க வேண்டும்.

டவ்காட்டின் கான்ஃப்-டி கோப்புறையில் உள்ள 10-மாஸ்டர் கோப்பைத் திறந்து, எல்எம்டிபி சேவைப் பகுதியில், போஸ்ட்ஃபிக்ஸின் பிரைவேட் கோப்புறைக்குள் டவ்காட்-எல்எம்டிபி என்ற பெயரில் ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டை (ஒரே சர்வரில் உள்ள இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) உருவாக்கச் சொல்லுங்கள். அதன் அனுமதி 0600 ஆகவும், உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸ் ஆகவும் இருக்க வேண்டும். பிறகு போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில், சர்வரின் பயனர் கணக்குகளுக்கே கடிதம் வருகிறது என்றால் மெயில்பாக்ஸ்-டிரான்ஸ்போர்ட் என்ற அமைப்பையும், தரவுத்தளத்தில் பதிந்த மெய்நிகர் முகவரிகள் என்றால் வெர்ச்சுவல்-டிரான்ஸ்போர்ட் என்ற அமைப்பையும் அந்தச் சாக்கெட்டை நோக்கித் திருப்ப வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு தடைகள் வரக்கூடும். பயனர் கணக்குகளை வைத்திருப்பவர்களுக்கு, போஸ்ட்ஃபிக்ஸ் முழு முகவரியையும் கொடுக்க, டவ்காட் வெறும் பயனர் பெயரைத் தேட, அப்படி ஒருவர் இல்லை என்று கடிதம் திரும்பிவிடும். 10-ஆத் கோப்பில் உள்ள பயனர் பெயர் வடிவத்தை, டொமைன் பகுதியை விட்டுவிட்டுச் சிற்றெழுத்தில் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினால் இது தீரும். மெய்நிகர் முகவரிகள் வைத்திருப்பவர்களுக்கோ, ஒவ்வொரு பயனருக்கும் ‘ஹோம்’ அடைவு ஒன்று வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பயனரின் விதிக் கோப்பை எங்கே தேடுவதென்று பிஜன்ஹோலுக்குத் தெரியாது.

இரண்டு சேவைகளையும் மறுதொடக்கம் செய்துவிட்டு, வேறொரு முகவரியிலிருந்து ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, அஞ்சல் பதிவுக் கோப்பைப் பாருங்கள். எல்எம்டிபி என்ற சொல்லோடு, கடிதம் இன்பாக்ஸில் சேர்ந்ததாக வரி தெரிந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: சிவ் நீட்சியை இயக்குதல்

20-எல்எம்டிபி கோப்பில், அந்த நெறிமுறைக்கான மெயில்-பிளகின்ஸ் வரியில் சிவ் என்ற பெயரைச் சேர்க்க வேண்டும். 90-சிவ் கோப்பில், பயனரின் ஹோம் அடைவுக்குள் சிவ் என்ற கோப்புறையில் ஸ்கிரிப்டுகள் இருக்கும் என்றும், நடப்பில் உள்ள ஸ்கிரிப்டைச் சுட்டும் இணைப்பின் பெயர் புள்ளி-டவ்காட்-சிவ் என்றும் இயல்பாகவே எழுதியிருக்கும். அதை மாற்றத் தேவையில்லை.

இதே வேளையில் மேனேஜ்சிவ் சேவையையும் இயக்கிவிடலாம். இது 2010இல் ஆர்எஃப்சி 5804 ஆக வரையறுக்கப்பட்டது. போர்ட் 4190இல் இயங்கும். பயனர்கள் சர்வருக்குள் நுழையாமலேயே தங்கள் விதிகளைத் திருத்த இது உதவுகிறது. ரவுண்ட்கியூப் வலை அஞ்சலில் இதற்கான நீட்சி இருக்கிறது. விதிகளைப் படிவம் நிரப்புவது போலவே எழுதிவிடலாம். கடவுச்சொல் போகும் வழி என்பதால் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் இல்லாமல் அந்தப் போர்ட்டை வெளியே திறக்காதீர்கள். ரவுண்ட்கியூப் அதே சர்வரில் இருந்தால் வெளியே திறக்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாம் படி: முதல் விதி

சிவ் ஸ்கிரிப்டின் முதல் வரி, எந்தெந்த நீட்சிகள் வேண்டும் என்று அறிவிக்கும் ரிக்வயர் வரி. கோப்புறையில் சேர்க்க ஃபைல்இன்டு, இல்லாத கோப்புறையை உருவாக்க மெயில்பாக்ஸ் ஆகிய இரண்டும் நமக்கு வேண்டும். அவற்றை இரட்டை மேற்கோளில் எழுதி, சதுர அடைப்புக்குள் காற்புள்ளியால் பிரித்து, அரைப்புள்ளியோடு முடிக்க வேண்டும். அடுத்து வருவது இஃப் என்று தொடங்கும் நிபந்தனை; அதன்கீழ் நெளிவு அடைப்புக்குள் செய்ய வேண்டிய செயல்.

வங்கியிலிருந்து வரும் கடிதத்தைக் கணக்கு என்ற கோப்புறையில் சேர்ப்பதை எடுத்துக்கொள்வோம். அனுப்புநர் முகவரியைச் சோதிக்க ஹெடர், அட்ரஸ் என்று இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஹெடர் சோதனை ‘ஃப்ரம்’ வரி முழுவதையும் பார்க்கும்; அதில் அனுப்புநர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட காட்சிப் பெயரும் அடங்கும். எவர் வேண்டுமானாலும் தன் காட்சிப் பெயரில் வங்கியின் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஆகவே அட்ரஸ் சோதனையைப் பயன்படுத்தி, டொமைன் பகுதியை மட்டும் எடுத்து, ‘இஸ்’ என்ற முழுப்பொருத்தத்தோடு ஒப்பிடுங்கள். ‘கன்டெய்ன்ஸ்’ என்று எழுதினால், வங்கியின் டொமைன் பெயரைத் தன் பெயருக்குள் பொதிந்து வைத்திருக்கும் போலி டொமைனும் பொருந்திவிடும். அந்தக் கடிதம் கணக்கு கோப்புறைக்குள் போய் உட்கார்ந்தால், அது பார்ப்பவருக்குத் தரும் நம்பிக்கை ஆபத்தானது. ‘ஃப்ரம்’ முகவரியையே முழுமையாகப் போலியாக எழுதவும் முடியும் என்பதால், வங்கி முகவரி என்ற ஒரே காரணத்துக்காக ஸ்பேம் சோதனையிலிருந்து எந்தக் கடிதத்துக்கும் விலக்கு அளிக்காதீர்கள்.

செயலாக, ஃபைல்இன்டு என்று எழுதி, இரட்டைப்புள்ளியோடு கிரியேட் என்ற குறியையும் சேர்த்து, கோப்புறையின் பெயரைக் கொடுக்க வேண்டும். கிரியேட் குறி இருந்தால், இல்லாத கோப்புறை தானாக உருவாகும். கோப்புறைப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஸ்கிரிப்டை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் சேமித்தால் போதும். 2.3 வரிசையில் அதே கோப்புறை சர்வரின் வட்டில் புரியாத எழுத்துக் கோர்வையாகத் தெரியும்; ஐமேப்பின் பழைய குறியாக்க முறை அப்படி. அதைப் பிழை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள்.

எந்த விதியும் பொருந்தாத கடிதம் என்னவாகும்? சிவ் மொழியில் சொல்லாமலே நடக்கும் ஒரு காப்பு இருக்கிறது: எந்தச் செயலும் எடுத்துக்கொள்ளாத கடிதம் தானாகவே இன்பாக்ஸில் சேரும். ஃபைல்இன்டு ஓடினால் இந்தக் காப்பு நீங்கும், ஏனெனில் கடிதம் வேறிடத்தில் சேர்ந்துவிட்டது. ஸ்கிரிப்டில் எழுத்துப் பிழை இருந்தாலும் கடிதம் இன்பாக்ஸுக்கே வரும். பிழை விவரம் பயனரின் ஹோம் அடைவில், ஸ்கிரிப்டின் பெயரோடு லாக் என்று முடியும் கோப்பில் பதிவாகும். இந்த மொழியை நான் மனமார விரும்புவதற்கு இந்தக் காப்பு ஒன்றே போதும்.

இந்தக் காப்பை முறிக்கும் சொல் டிஸ்கார்ட். அது கடிதத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. புதியவர்கள் எழுதும் ஸ்கிரிப்டில் இந்தச் சொல் இருக்கவே கூடாது. அழிக்கத் தோன்றும் எதையும் ஜங்க் கோப்புறைக்கு அனுப்புங்கள். அந்தக் கோப்புறைக்கு ஆட்டோ-எக்ஸ்பஞ்ச் அமைப்பில் 30 நாள் கெடு வைத்தால், பழையவை தானாகக் கழிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் யாராவது தொலைபேசியில் அழைத்து, “ஆர்டர் அனுப்பினேனே, பதிலே இல்லையே” என்று கேட்டால், எடுத்துக்காட்ட அது அங்கே இருக்கும்.

நான்காம் படி: தமிழ்ச் சொற்களைத் தேடும் விதிகள்

பொருள் வரியில் தமிழ் இருந்தால் அது குறியாக்கம் செய்யப்பட்டே பயணிக்கும். சிவ் அதைப் பிரித்து யூடிஎஃப்-8 ஆக்கிய பிறகே ஒப்பிடுகிறது. எனவே ஸ்கிரிப்டில் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதலாம். ஆனாலும் இந்த இடம் நிதானமாகக் கவனிக்க வேண்டிய இடம். ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பாலும் இதைப் பற்றிய எச்சரிக்கை இருக்காது.

பாய் தொடர்பான கடிதங்களைப் பிரிக்க ‘பாய்’ என்ற சொல் பொருள் வரியில் இருக்கிறதா என்று ‘கன்டெய்ன்ஸ்’ சோதனை எழுதுவதாகக் கொள்வோம். ‘ரூபாய்’ என்ற சொல் உள்ள ஒவ்வொரு கடிதமும் அதில் சிக்கிவிடும். விலைப்பட்டியல்களும் வங்கி அறிவிப்புகளும் ஆர்டர் கோப்புறையில் குவியும். அதே சமயம் ‘பாயை எப்போது அனுப்புவீர்கள்’ என்று கேட்ட கடிதம் பொருந்தாது. ஏனெனில் ‘பாய்’ என்பதில் புள்ளி இருக்கிறது, ‘பாயை’ என்பதில் அந்த இடத்தில் ஐகாரக் குறி இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசி எழுத்து மாறிவிடுவதால், தேடும் சொல்லை மாறாத பகுதியோடு நிறுத்த வேண்டும். ‘கல்யாணம்’ என்று எழுதாமல் ‘கல்யாண’ என்று எழுதினால், கல்யாணம், கல்யாணத்துக்கு, கல்யாணப் பாய் எல்லாம் பொருந்தும். ‘ஆர்டர்’ என்பதில் கடைசிப் புள்ளியை நீக்கி ‘ஆர்டர’ என்று கொடுத்தால், ஆர்டர், ஆர்டரை, ஆர்டரின் மூன்றும் அகப்படும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் இருக்கிறது. ‘கோரை’ என்பதில் உள்ள ‘கோ’வை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி முழுவதையும் ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியெண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிவ் ஒப்பிடுவது உள்ளே இருக்கும் எண்களை. ஆகவே அனுப்பியவரின் விசைப்பலகை ஒரு வகையிலும் உங்கள் ஸ்கிரிப்ட் மற்றொரு வகையிலும் இருந்தால் ‘கோரை’ என்பது ‘கோரை’யோடு பொருந்தாது. பெரும்பாலான விசைப்பலகைகள் ஒரே குறியெண்ணாகத்தான் இடுகின்றன. எனினும் பழைய மென்பொருளிலிருந்தும் எழுத்துரு மாற்றிகளிலிருந்தும் வரும் உரையில் பிரிந்த வடிவம் வருவதுண்டு. கூடுமானவரை அந்த மூன்று குறிகளும் இல்லாத சொற்களைத் தேர்ந்தெடுங்கள். தவிர்க்க முடியாதபோது இரண்டு வடிவங்களையும் சதுர அடைப்புக்குள் பட்டியலாகக் கொடுங்கள்.

உண்மையில், முக்கியமான கடிதங்களைச் சொல்லைக் கொண்டு பிரிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு முகவரி விரிவு என்ற நல்ல வழி இருக்கிறது. பயனர் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால், அந்தக் கடிதமும் அதே பெட்டிக்கே வரும். போஸ்ட்ஃபிக்ஸில் ரிசிப்பியன்ட்-டிலிமிட்டர் அமைப்பில் கூட்டல் குறியைக் கொடுத்துவிட்டு, வலைத்தளத்தின் கல்யாணப் பாய் படிவத்தில், ஆர்டர் முகவரியோடு கூட்டல் குறியும் ஆங்கில எழுத்தில் கல்யாணம் என்ற சொல்லும் சேர்ந்த முகவரியை வைத்துவிடுங்கள். சிவ் ஸ்கிரிப்டில் என்வலப், சப்அட்ரஸ் ஆகிய நீட்சிகளை ரிக்வயர் வரியில் சேர்த்து, பெறுநர் முகவரியில் கூட்டல் குறிக்குப் பின் வரும் ‘டீட்டெய்ல்’ பகுதியைச் சோதித்தால் போதும். வாடிக்கையாளர் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், பொருள் வரியை வெறுமையாக விட்டாலும், அந்தக் கடிதம் கல்யாண ஆர்டர் கோப்புறையில் சரியாக விழும்.

செய்திமடல்களுக்கும் குழு மடல்களுக்கும் லிஸ்ட்-ஐடி என்ற தலைப்பு வரியைச் சோதிப்பது பொருள் வரியைவிட நம்பகமானது. இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: ஸ்பேமை வாசலில் நிறுத்துதல்

சிவ் ஓடும்போது கடிதம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு மறுப்பது தவறு. சிவ் மொழியில் ரிஜெக்ட் என்ற செயலும் இருக்கிறது; அது வாங்கிக்கொண்ட கடிதத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதி அனுப்பும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய்யானது என்பதால், அந்த மறுப்பு சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போய்ச் சேரும். நாளடைவில் உங்கள் சர்வரே ஸ்பேம் அனுப்புவதாகப் பெயர் கெடும். மறுப்பதாக இருந்தால், எஸ்எம்டிபி உரையாடல் (இரண்டு சர்வர்கள் கடிதத்தைக் கைமாற்றும் உரையாடல்) நடந்துகொண்டிருக்கும்போதே, போஸ்ட்ஃபிக்ஸ் மறுக்க வேண்டும். அப்போது அனுப்பிய சர்வருக்கு உடனே விடை தெரியும். உண்மையான மனிதர் அனுப்பிய கடிதமாக இருந்தால், அவருடைய சர்வரே அவருக்குத் தெரிவித்துவிடும். மறுக்கப்பட்ட செய்தி அனுப்பியவரைச் சேர வேண்டும் என்ற நிபந்தனை இப்படி நிறைவேறுகிறது.

இதற்கு ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் கண்டறியும் மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். ஸ்பேம்அசாசின் அதைவிட மூத்தது. இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு ஆர்ஸ்பேம்டியின் வேகமும் அதனோடு வரும் வலைப்பக்கமும் உதவியாக இருக்கும். அதனுடன், அது தன் குறிப்புகளைச் சேமிக்கும் ரெடிஸ் தரவுத்தளத்தையும் நிறுவிக்கொண்டு, போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபிடி-மில்டர்ஸ் அமைப்பில் அதே சர்வரின் போர்ட் 11332ஐக் கொடுத்தால் இணைப்பு முடிந்தது. மில்டர்-டிஃபால்ட்-ஆக்‌ஷன் என்ற அமைப்பை அக்செப்ட் என்று வைப்பதே சிறு அலுவலகத்துக்கு ஏற்றது என்பேன்: ஆர்ஸ்பேம்டி நின்றுபோனாலும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கும், சில ஸ்பேம்கள் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

ஆர்ஸ்பேம்டி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. இயல்பான அமைப்பில் 4ஐத் தொட்டால், சற்று நேரம் கழித்து வா என்று தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும். 6ஐத் தொட்டால் ஸ்பேம் என்று தலைப்பில் குறியிட்டு உள்ளே விடும். 15ஐத் தொட்டால் மறுக்கும். இந்த எண்களைத் தொடக்கத்தில் மாற்ற வேண்டாம். முதல் முறையாக எழுதும் வாடிக்கையாளரின் கடிதம் சில நிமிடங்கள் தாமதமாகலாம் என்பதை மட்டும் குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்லிவையுங்கள். ஒழுங்கான சர்வர்கள் மீண்டும் முயன்று கடிதத்தைச் சேர்த்துவிடும்.

குறியிடப்பட்ட கடிதத்தை ஜங்க் கோப்புறையில் சேர்ப்பது மீண்டும் சிவ் மொழியின் வேலை. இதைப் பயனர் ஒவ்வொருவரும் எழுத வேண்டியதில்லை. சிவ்-பிஃபோர் என்ற அமைப்பில் ஒரு பொது ஸ்கிரிப்டைக் கொடுத்தால், அது எல்லோருடைய விதிகளுக்கும் முன்னால் ஓடும். எக்ஸ்-ஸ்பேம் என்ற தலைப்பு ‘யெஸ்’ என்றிருந்தால் ஜங்க் கோப்புறைக்கு அனுப்பு என்ற ஒரே விதி அதில் போதும். ஃபைல்இன்டு ஓடியதும் இயல்புக் காப்பு நீங்கிவிடுவதால், அந்தக் கடிதத்துக்குப் பயனரின் ஸ்கிரிப்ட் ஓடாது. ஸ்டாப் என்ற சொல் எழுதப்பட்ட ஸ்கிரிப்டை மட்டுமே நிறுத்தும், அடுத்த ஸ்கிரிப்டைத் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். பொது ஸ்கிரிப்டைச் சிவ்சி என்ற கட்டளையால் நிர்வாகியே தொகுத்து வைக்க வேண்டும். அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை பயனர்களுக்கு இருக்காது.

ஆர்ஸ்பேம்டியின் கற்கும் பகுதிக்கு நல்ல கடிதமும் ஸ்பேமும் வகைக்கு 200 கிடைத்த பிறகே அது கருத்துச் சொல்லத் தொடங்கும். நல்ல கடிதங்களாகக் கற்பிக்கும்போது தமிழில் வந்த ஆர்டர்களையும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய கடிதங்களையும் கட்டாயம் சேருங்கள். நம் வாடிக்கையாளர் எழுதும் மொழியை அது நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

ஆறாம் படி: சோதித்துப் பார்த்தல்

சிவ்-டெஸ்ட் என்ற கட்டளைக்கு ஒரு ஸ்கிரிப்டையும் சேமித்த ஒரு கடிதத்தையும் கொடுத்தால், அந்தக் கடிதத்தின்மீது என்ன செயல் நடக்கும் என்று சொல்லும், எதையும் மாற்றாது. கல்யாண ஆர்டர் ஒன்று, வங்கிக் கடிதம் ஒன்று, ‘ரூபாய்’ உள்ள விலைப்பட்டியல் ஒன்று, பொருள் வரியே இல்லாத கடிதம் ஒன்று எனச் சில மாதிரிகளைத் தனிக் கோப்புறையில் சேமித்துவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றை ஓட்டிப் பாருங்கள். புதிய விதியை இயக்கிய முதல் வாரத்தில், காப்பி நீட்சியைச் சேர்த்து ஃபைல்இன்டு செயலுக்குக் காப்பி குறியைக் கொடுத்தால், கடிதம் கோப்புறையிலும் சேரும், இன்பாக்ஸிலும் இருக்கும். விதி நம்பத்தக்கது என்று உறுதியானதும் அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

விடுமுறைப் பதிலும் மேலனுப்புதலும்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அலுவலகம் மூடியிருக்கும் நாளில் தானாகப் பதில் அனுப்ப வெக்கேஷன் நீட்சி உதவும். ஒரே முகவரிக்கு இயல்பாக 7 நாளுக்கு ஒருமுறைதான் பதில் போகும். குழு மடல்களுக்குப் போகாது. துணை முகவரிகளுக்கு வரும் கடிதங்களுக்கும் பதில் போக வேண்டுமானால், அட்ரஸஸ் பட்டியலில் அவற்றைச் சேர்க்க வேண்டும். ஜங்க் விதிக்குப் பிறகே வெக்கேஷன் வர வேண்டும். பொது ஸ்கிரிப்ட் முன்னால் ஓடுவதால் இது தானாகவே அமைந்துவிடும்.

ரீடைரக்ட் செயலால் எல்லாக் கடிதங்களையும் வெளியே உள்ள இலவச முகவரிக்குத் திருப்பிவிடும் பழக்கத்தைத் தவிருங்கள். திருப்பிய கடிதம் உங்கள் சர்வரிலிருந்து போவதால் மூல அனுப்புநரின் எஸ்பிஎஃப் சோதனை (அந்த டொமைனின் பெயரில் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) தோற்கும். ஸ்பேமும் சேர்ந்து போனால் உங்கள் சர்வரின் நற்பெயர் கெடும். கடைசியில், நீங்கள் வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலே ஜங்க் கோப்புறையில் விழத் தொடங்கும். கைபேசியில் அதே பெட்டியை ஐமேப் கணக்காகச் சேர்த்துக்கொண்டால், திருப்ப வேண்டிய தேவையே எழாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ், ஆர்ஸ்பேம்டி ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகளையும், பயனர்களின் சிவ் கோப்புறைகளையும், சோதனை மாதிரிகளையும் வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். தொகுக்கப்பட்ட ஸ்கிரிப்ட் கோப்புகளை நகலெடுக்க வேண்டியதில்லை. புதிய சர்வரில் பயனர்களுடையவை தாமாகவே மீண்டும் உருவாகும், பொது ஸ்கிரிப்டை மட்டும் நிர்வாகி சிவ்சி கட்டளையால் மறுபடி தொகுக்க வேண்டும்.